சைக்கிள் கற்றுக்கொடுத்த சூப்பர்மேன்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே மரங்கள் சூழ்ந்த பகுதியில் ஒரு வீடு. வாசல் பாதையில் சக்கர நாற்காலியில் ஓர் அப்பா. எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னப் பையன்.

சைக்கிள் கற்றுக்கொடுக்கிற அப்பாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவார்கள். ‘பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், நீ மிதி’ என்பார்கள். எந்த இடத்தில் கையை எடுத்தார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

இந்த அப்பாவால் ஓட முடியாது. சீட்டைப் பிடிக்க முடியாது. கழுத்துக்குக் கீழே அசைவே கிடையாது. மூச்சுக்கூட வென்டிலேட்டர் தருவதுதான். அவரிடம் மிச்சம் இருந்தது குரல் மட்டும். அந்தக் குரலாலேயே கற்றுக்கொடுத்தார். ஹேண்டில்பாரை ஆடாமல் எப்படிப் பிடிப்பது, பார்வை எங்கே இருக்க வேண்டும், எந்தக் காலை முதலில் மிதிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பையன் பயந்துகொண்டே கிளம்பினான். பிறகு ஒரு சுற்று சுற்றி, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தான்.

அந்த அப்பாவின் பெயர் கிறிஸ்டோஃபர் ரீவ். உலகத்துக்கு அவர் சூப்பர்மேன். பையனின் பெயர் வில்.

சூப்பர்ஹீரோக்களின் பிள்ளைகளை வைத்து ஹாலிவுட் நிறைய படம் எடுத்திருக்கிறது. 2004-ல் வந்த ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ குடும்பத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் சக்தி உண்டு. அதை வெளியே காட்டத்தான் அனுமதி இல்லை. 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘வீ கேன் பி ஹீரோஸ்’ படத்திலோ, ஹீரோக்களின் பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் எந்தச் சக்தியும் இருக்காது. கிராஃபிக்ஸைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எல்லாப் படத்திலும் கேள்வி ஒன்றுதான். ஊரே அண்ணாந்து பார்க்கிற ஒருவர் வீட்டுக்குள் வந்தால் அவர் யார்? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் சினிமாவுக்கு வெளியே மூன்று பேர் இருக்கிறார்கள். மேத்யூ, அலெக்ஸாண்ட்ரா, வில். மூவரும் சூப்பர்மேனின் பிள்ளைகள்.

1978 டிசம்பரில் ‘சூப்பர்மேன்’ வெளியானபோது கிறிஸ்டோஃபர் ரீவுக்கு 26 வயது. அதற்கு முன் அவரைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. ஆறடி நாலங்குல உயரம், ஆனால் ஒல்லி உடம்பு. உடைக்குள் பஞ்சு வைத்துத் தைக்கலாம் என்ற யோசனையை மறுத்துவிட்டு, உடற்பயிற்சி செய்தே உடம்பை ஏற்றினார். அதற்குப் பயிற்சி தந்த டேவிட் ப்ரௌஸ், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடர் உடைக்குள் இருந்தவர். உலகத்தின் பெரிய வில்லன், உலகத்தின் பெரிய ஹீரோவுக்குத் தண்டால் எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்!

ரீவ் நிஜத்திலும் பறக்கிறவர். விமானம் ஓட்டத் தெரியும். சின்ன விமானத்தில் தனியாக அட்லாண்டிக் பெருங்கடலை இரண்டு முறை கடந்திருக்கிறார். பாய்மரப் படகு, பனிச்சறுக்கு, ஸ்கூபா, குதிரை என்று ஒரு நிமிடம் சும்மா இருக்காத மனிதர். சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகள் பலர் சூப்பர்மேனைப் பார்க்க வேண்டும் என்று கடைசி ஆசை சொல்ல, அவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சொந்த வீட்டுக் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை.

முதல் படம் இங்கிலாந்தில் உள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டபோது கே எக்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்ணைச் சந்தித்தார். 1979-ல் மேத்யூ பிறந்தான். 1983-ல் அலெக்ஸாண்ட்ரா. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1987-ல் பிரிந்தார்கள். மகனுக்கு அப்போது ஏழு வயது, மகளுக்கு மூன்று. பிள்ளைகள் அம்மாவோடு லண்டனில் வளர்ந்தார்கள். அப்பா அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். விடுமுறைக்கு அமெரிக்கா போனால் படகு, பனிச்சறுக்கு என்று நாளெல்லாம் ஓட்டம். பிறகு மறுபடி லண்டன்.

இதற்குப் பின்னால் இன்னொரு அப்பா இருக்கிறார். கிறிஸ்டோஃபரின் அப்பா ஃபிராங்க்ளின் ரீவ், கவிஞர், ரஷ்ய இலக்கியப் பேராசிரியர். மகனுக்கு நாலு வயதாகும் காலத்திலேயே அவரும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். அறிவுலகத்தில் பெரிய மனிதர். மகனால் எளிதில் மெச்சு வாங்க முடியாத மனிதர். சூப்பர்மேன் வேடம் கிடைத்த செய்தியை மகன் சொன்னபோது ஃபிராங்க்ளின் சந்தோஷமாக ஷாம்பெய்ன் வரவழைத்தாராம். பெர்னார்ட் ஷா எழுதிய ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ நாடகத்தில் மகன் நடிக்கப்போகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். காமிக்ஸ் சூப்பர்மேன் என்று தெரிந்ததும் அந்த உற்சாகம் காணாமல் போய்விட்டது. வேடிக்கைக் கதையாக ரீவ் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சொன்னவருக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அப்படி வளர்ந்தவருக்குத் திருமணம் என்றாலே பயம். பிரிவதற்காகத்தான் சேர்கிறார்கள் என்று மனதில் பதிந்துவிட்டது. 1987-ல், ஒரு நாடக விழாவுக்குப் போன இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த டானா மொரோசினியைப் பார்த்தார். காதல் உடனே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு மட்டும் ஐந்து வருடம் ஆனது. அதற்கு முன் மனநல ஆலோசனைக்குப் போய்த் தன் பயத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1992 ஏப்ரலில் திருமணம், ஜூன் 7 அன்று வில் பிறந்தான். இந்த முறை ஒழுங்கான குடும்பஸ்தனாக இருக்க வேண்டும் என்று ரீவ் உறுதியாக இருந்தார்.

மூன்று வருடம்கூட முழுதாகப் போகவில்லை.

1995, மே 27. வர்ஜீனியா மாநிலத்தில் கல்பெப்பர் என்ற ஊர். குதிரையில் தடை தாண்டும் போட்டி. இதில் ஒரு விஷயம், ரீவுக்குக் குதிரை என்றால் ஒவ்வாமை. ‘அன்னா கரேனினா’ படத்துக்காக 1980-களில் ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு குதிரையேற்றம் பழகியவர், பிறகு அதை விட முடியாமல் போட்டிகளுக்கே போக ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு மூன்றாவது தடைக்கு முன்னால் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. ரீவ் முன்னால் தூக்கி எறியப்பட்டார். கைகள் கடிவாளத்தில் சிக்கிக்கொண்டதால் ஊன்றித் தப்பிக்க வழியில்லை. தலை முதலில் தரையில் மோதியது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் நொறுங்கின.

விபத்துக்கு ஆறு நாள் முன்புதான் அவர் நடித்த ‘அபவ் சஸ்பிஷன்’ என்ற படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியிருந்தது. அதில் அவருக்கு, நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் போலீஸ்காரர் வேடம்.

லண்டனிலிருந்து மேத்யூவும் அலெக்ஸாண்ட்ராவும் விமானம் ஏறி வந்தார்கள். ஒருவனுக்கு 15, ஒருத்திக்கு 11. நினைவு திரும்பி நிலைமை புரிந்ததும் ரீவுக்கு வந்த முதல் எண்ணம், தன்னைப் போகவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லதோ என்பது. அதை வாய்விட்டும் சொன்னார். டானா அழுதுகொண்டே, எந்த முடிவானாலும் கூட நிற்பதாகச் சொன்னார். ஆனால் நீங்கள் இன்னும் நீங்களேதான், உங்களை நேசிக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ரீவ் பின்னாளில் எழுதிய சுயசரிதைக்குத் தலைப்பு ‘ஸ்டில் மீ’. இன்னும் நான் நானேதான் என்று அர்த்தம்.

மூன்று பிள்ளைகள் அறைக்குள் வந்து பக்கத்தில் நின்றது, மனதை மாற்றிய இன்னொரு காரணம். இவர்களுக்கு அப்பா வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றைக் குடும்பத்தார் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மூன்று வயது வில் விளையாடிக்கொண்டே அம்மாவிடம் கணக்குப் போடுகிறான். அப்பாவால் கையை அசைக்க முடியாது இல்லையா? ஆமாம். ஓடவும் முடியாது? ஆமாம், முடியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆனால் அப்பாவால் சிரிக்க முடியுமே என்றானாம். எது போய்விட்டது என்ற பட்டியலைப் பெரியவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த வீட்டில், எது மிச்சம் என்று பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

இதைப் படித்து, விபத்தால் நல்லது நடந்தது என்று யாராவது கிளம்பினால் அது பெரிய தவறு. அந்த வீட்டில் நர்ஸுகள் இல்லாத நேரமே கிடையாது. தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, வென்டிலேட்டர் குழாயைச் சரிபார்க்க எந்நேரமும் ஆள் வேண்டும். குழாய் கழன்றால் நிமிடக்கணக்கில் உயிர் போய்விடும் என்ற பயம் ஒவ்வொரு இரவும் உண்டு. செலவு, நடிகர் குடும்பத்தையே ஆட்டிப் பார்க்கிற செலவு. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று வைத்திருந்த உச்சவரம்பை 10 லட்சம் டாலரிலிருந்து ஒரு கோடி டாலராக உயர்த்தச் சொல்லி ரீவ் அரசியல்வாதிகளிடம் வாதாடியது இதனால்தான். தனக்காவது கொஞ்சம் வழியிருக்கிறது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். இரவில் கனவில் அவர் நடப்பார், ஓடுவார்; காலையில் கண்விழித்ததும் எல்லாம் புதிதாக ஒருமுறை பறிபோகும்.

ஆனால் பிள்ளைகளின் கணக்கு வேறு மாதிரி ஓடியது. 2024-ல் வந்த ‘சூப்பர்/மேன்’ என்ற ஆவணப்படத்தில் மூவரும் பேசுகிறார்கள். பழைய வீட்டு வீடியோக்களும் அதில் வருகின்றன. முன்பெல்லாம் அப்பாவோடு இருப்பது என்றால் ஏதாவது செய்வது. கடல், மலை, வானம் என்று அவர் வேகத்துக்கு ஈடு கொடுத்து ஓட வேண்டும். விபத்துக்குப் பிறகு அப்பா எங்கும் ஓடவில்லை. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். கேட்கவும் அவருக்கு நேரம் இருந்தது. வென்டிலேட்டர் காற்றை வெளியே விடும் நேரத்தில்தான் பேச முடியும் என்பதால் வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவசரமாகத் திட்டுவதற்குக்கூட வழியில்லை!

வில்லுக்கு அந்த வேகமான அப்பாவைத் தெரியவே தெரியாது. அவனுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அப்பா என்றால் சக்கர நாற்காலிதான். அதனால் அவன் உலகத்தில் குறை என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. இரவுச் சாப்பாடு சேர்ந்துதான். வீட்டுப்பாடம் முடிந்ததா என்ற கேள்வி உண்டு. அவனுக்கு ஐஸ் ஹாக்கி பைத்தியம். மேட்ச் இருந்தால் குளிரில் நாற்காலியோடு அப்பா வந்துவிடுவார். மற்ற பையன்களின் அப்பாக்கள் கிளம்பச் சாவியை எடுத்தால் போதும். இவர் கிளம்ப, காலையிலிருந்து ஏற்பாடு வேண்டும். அந்தச் சிரமம் என்னவென்று பையனுக்குப் பிறகுதான் புரிந்தது.

ஹீரோ என்றால் யார் என்று ரீவிடம் ஆரம்பத்திலிருந்தே பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். பின்விளைவை யோசிக்காமல் துணிச்சலாக ஒன்றைச் செய்கிறவன் என்பார், சூப்பர்மேன் காலத்தில். விபத்துக்குப் பிறகு பதிலை மாற்றிக்கொண்டார். தாங்க முடியாத கஷ்டத்திலும் விடாமல் நாளைக் கடத்துகிற சாதாரண ஆள்தான் ஹீரோ என்றார். அந்த இரண்டாவது வரையறையில் அவர் மட்டும் இல்லை, டானாவும் இருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருடம் கடந்த நிலையில் 34 வயதில் இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தது. தன் பாட்டு, நடிப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தினார். சிறப்புக் காட்சிகள் இல்லாத சூப்பர்ஹீரோ படம் என்றால் அது டானாவின் கதைதான். யாரும் அதற்கு போஸ்டர் அடிக்கவில்லை.

2000-ம் ஆண்டின் இறுதியில் ரீவின் இடது ஆள்காட்டி விரல், நினைத்தபோது லேசாக அசைந்தது. மருத்துவர்கள் ஆச்சர்யப்பட்டார்கள். வருடக்கணக்கில் செய்த பயிற்சியின் பலன். கொஞ்ச நேரம் வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு விடவும் பழகினார். எழுந்து நடப்பேன் என்று சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை.

2004, அக்டோபர் 9. சனிக்கிழமை. வில்லின் ஹாக்கி மேட்ச். அப்பா வந்திருந்தார். அன்று இரவு வீட்டில் அவருக்கு இதயத்துடிப்பு நின்றுபோனது; உடம்பில் ஏற்கெனவே நோய்த்தொற்று இருந்தது. நினைவு திரும்பவில்லை. கலிஃபோர்னியாவில் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த டானா பறந்து வந்தார். ஒதுக்கிவைத்திருந்த நடிப்பை மெல்லத் திரும்ப எடுத்த நேரம் அது. மறுநாள் கிறிஸ்டோஃபர் ரீவ் காலமானார். வயது 52. மகனுக்கு 12.

நவம்பர் 5 அன்று, ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அமெரிக்கத் தியேட்டர்களில் ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ வெளியானது.

அடுத்த அடி வர அதிக நாள் ஆகவில்லை. 2005 ஆகஸ்டில், தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று டானா அறிவித்தார். சிகரெட் பழக்கம் இல்லாதவர். 2006 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஐஸ் ஹாக்கி வீரர் மார்க் மெஸ்ஸியருக்கு நடந்த பாராட்டு விழாவில் மேடையேறிப் பாடினார். நீண்ட கவுன் உடுத்தி, சிரித்த முகத்தோடு நின்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 6 அன்று 44 வயதில் இறந்துபோனார்.

வில்லுக்கு வயது 13.

சாவதற்கு முன் டானா ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தார். மகன் பள்ளியை மாற்றக் கூடாது, நண்பர்களை இழக்கக் கூடாது, ஊரை விட்டுப் போகக் கூடாது. அதற்காக, பக்கத்திலேயே இருந்த நண்பர் குடும்பத்திடம் பேசி ஏற்பாடு செய்தார். வில் அந்த வீட்டில், அவர்கள் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக வளர்ந்தான். அண்ணனுக்கு அப்போது 26 வயது, அக்காவுக்கு 22. இருவரும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் வேறு, வளர்ந்த நாடு வேறு. ஆனால் மூவருக்கும் நடுவில் ‘மாற்றாந்தாய் பிள்ளை’ பேச்சு வந்ததே இல்லை.

சூப்பர்மேன் கதையை ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் காமிக்ஸாகக் கொண்டுவந்தபோது அவர்கள் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அழியப்போகும் கிரகத்திலிருந்து பெற்றோர் குழந்தையைப் பத்திரமாக ஒரு விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். குழந்தை பூமியில் விழுகிறது. யாரோ எடுத்து வளர்க்கிறார்கள். பறக்கிறது, இரும்பை வளைக்கிறது எல்லாம் பிறகு. கதையின் ஆரம்பம், தாங்கள் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த அப்பா அம்மா பிள்ளைக்கு நல்ல வீடாகப் பார்த்து அனுப்பியது. டானா செய்ததும் அதுதான். விண்கலம் தேவைப்படவில்லை, சில வீடுகள் தள்ளி அனுப்பினால் போதுமாக இருந்தது.

மூவரும் இப்போது நடுத்தர வயதை நெருங்கியும் எட்டியும் இருக்கிறார்கள். மேத்யூ திரைத்துறையில், அப்பாவின் சிகிச்சைப் போராட்டத்தை அவர் உயிரோடு இருந்தபோதே ஆவணப்படமாக எடுத்தவர். அலெக்ஸாண்ட்ரா வழக்கறிஞர், தொழில்நுட்பமும் மனித உரிமையும் சந்திக்கிற இடத்தில் வேலை செய்யும் அமைப்பு ஒன்றுக்குத் தலைமை தாங்குகிறார். பெற்றோர் பெயரில் இயங்கும், தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான அறக்கட்டளையில் மூவருக்கும் பொறுப்பு இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நிதி கொடுப்பதோடு, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவது போன்ற அன்றாட உதவிக்கும் அது பணம் தருகிறது. டானா வற்புறுத்திக் கேட்டுச் சேர்த்த வேலை அது. நாளைய மருந்துக்கு மட்டும் செலவழித்தால் இன்றைக்கு நாற்காலியில் இருக்கிறவன் என்ன செய்வான் என்பது அவர் கேள்வி.

வில் தொலைக்காட்சிச் செய்தியாளர். முதலில் விளையாட்டுச் செய்தி, பிறகு ஏபிசி நியூஸ். முகச்சாடை அப்பாவேதான், தாடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, உங்கள் அப்பாவால் எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பார்களாம். அவர்கள் பேசுகிற மனிதர் போஸ்டரில் இருக்கிறவர். இவருக்குத் தெரிந்தவர், ஹாக்கி மைதானத்துக்கு நாற்காலியில் வந்தவர்.

2025 ஜூலையில் புது ‘சூப்பர்மேன்’ படம் வந்தது. டேவிட் கோரன்ஸ்வெட் சூப்பர்மேன், ஜேம்ஸ் கன் இயக்கம். கூட்டமும் கூச்சலுமான ஒரு காட்சியில், டிவி நிருபர் ஒருவர் சில நொடிகள் மட்டும் வந்து போவார். கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடலாம். கையில் மைக்கோடு நின்ற அந்த நிருபர் வில் ரீவ். சூப்பர்மேனின் மகனுக்குக் கிடைத்தது, கிளார்க் கென்ட் பார்த்த அதே வேலை.